டிஸ்க் பிரேக் கத்துதா, பிடிக்கலையா? கேபிளை இறுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நம்ம ஹாஸ்டல் சைக்கிள் ஸ்டாண்டுல இப்போ நிக்கிற வண்டிகள்ல பாதி டிஸ்க் பிரேக் போட்ட எம்டிபி தான். தடிமனான டயர், முன்னாடி சஸ்பென்ஷன், ரெண்டு சக்கரத்துலயும் பளபளன்னு ஒரு தட்டு. வாங்கும்போது கடைக்காரர் "டபுள் டிஸ்க் தம்பி, பிடிச்சா நச்சுன்னு நிக்கும்"னு சொல்லித்தான் குடுத்திருப்பார். நாலு மாசம் கழிச்சு அதே வண்டி மெயின் கேட்ல இருந்து லைப்ரரி போறதுக்குள்ள "சிங்... சிங்... சிங்..."னு தாளம் போடும். இல்லன்னா லிவரை ஹேண்டில்பார்ல முட்டுற வரைக்கும் இழுத்தாலும் வண்டி தன் இஷ்டத்துக்குப் போய்க்கிட்டே இருக்கும். சில அதிர்ஷ்டசாலிகளுக்கு ரெண்டும் சேர்ந்தே வரும். பிடிக்கவும் மாட்டேங்குது, உரசாமலும் இருக்க மாட்டேங்குது.

பிடிக்கலைன்னா பெரும்பாலும் எல்லாரும் பண்ற முதல் வேலை கேபிளை இறுக்குறது. உரசுதுன்னா அதே கேபிளை லூஸ் பண்றது. இப்படியே இறுக்கி, தளர்த்தி, இறுக்கி, கடைசில "டிஸ்க் பிரேக்கே வேஸ்ட் மச்சி"ங்கிற முடிவுக்கு வந்துடறாங்க. டிஸ்க் பிரேக் வேஸ்ட் இல்ல. கேபிள் தான் தப்பான இடம். பேட் தேய்ஞ்சதால வந்த இடைவெளியைக் கேபிளை இறுக்கி அடைக்கவே கூடாது. அது ஏன்னு புரிஞ்சிட்டா மீதி ரிப்பேர் எல்லாம் அரை மணி நேர வேலை. புரியணும்னா, அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒரு தடவை பார்த்துடுவோம்.

சக்கரத்தோட சுத்துற வட்டத் தட்டு ரோட்டர். அதைக் கவ்விக்கிட்டு ஃப்ரேம்லயோ ஃபோர்க்லயோ போல்ட் போட்டு நிக்கிற பெட்டி கேலிப்பர். கேலிப்பருக்குள்ள ரோட்டருக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பேட். நம்ம பட்ஜெட் வண்டிகள்ல வர்றது பெரும்பாலும் கேபிள்ல இயங்குற மெக்கானிக்கல் டிஸ்க். லிவரைப் பிடிச்சா கேபிள் கேலிப்பர்ல இருக்கிற ஒரு கையை இழுக்கும், கை திரும்பும். உள்ள சரிவான பள்ளங்கள்ல எஃகு குண்டுகள் இருக்கும். கை திரும்பும்போது குண்டுகள் சரிவுல ஏறி பேடை ரோட்டர் மேல தள்ளும்.

இதுல பலருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு: ரெண்டு பேடும் நகராது. பெரும்பாலான மெக்கானிக்கல் கேலிப்பர்ல வெளிப்பக்கத்துப் பேட் மட்டும் தான் நகரும். ஸ்போக் பக்கம் இருக்கிற உள் பேட் சும்மா சுவர் மாதிரி நிக்கும். வெளி பேட் ரோட்டரைத் தள்ளி, ரோட்டர் லேசா வளைஞ்சு உள் பேட்ல போய் ஒட்டினதுக்கு அப்புறம் தான் நிஜமான பிடி ஆரம்பிக்குது. (டிஆர்பி ஸ்பைர் மாதிரி ரெண்டு பக்கமும் நகர்ற மெக்கானிக்கல் பிரேக்கும் இருக்கு. ஆனா நம்ம ஸ்டாண்டுல அதைப் பார்த்தா எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க.)

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, எம்1 அளவுக்கெல்லாம் போகாது. 160 மி.மீ ரோட்டர்ல பேட் பிடிக்கிற இடம் மையத்துல இருந்து சுமார் 72 மி.மீ தூரம். 27.5 இன்ச் டயரோட ஆரம் சுமார் 345 மி.மீ. அதாவது பேட்ல கிடைக்கிற உராய்வு விசைல ஏறக்குறைய ஐந்துல ஒரு பங்கு தான் ரோட்டுக்கு வந்து சேரும். பழைய வண்டிகள்ல ரிம்மையே பிடிக்கிற பிரேக் கட்டைக்கு இந்த நஷ்டம் கிடையாது. ரிம் ஆரமும் டயர் ஆரமும் கிட்டத்தட்ட ஒண்ணு தான். ஆக, அதே அளவுக்கு வண்டியை நிறுத்த டிஸ்க் பேட் சுமார் நாலு மடங்கு உராய்வைத் தரணும்.

அந்த நாலு மடங்கை நம்ம விரல் குடுக்காது, லீவரேஜ் தான் குடுக்கணும். லீவரேஜுக்கு விலை உண்டு: விசை கூடினா நகர்ற தூரம் குறையும். லிவர் சில சென்டிமீட்டர் நகர்ந்தா பேட் நகர்றது ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தான். உள் பேட் ரோட்டர்ல இருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்னா, நீங்க இழுக்கிற இழுப்புல பாதி ரோட்டரை வளைக்கவே போயிடும். பிடிக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது.

இப்போ கேபிளை இறுக்கினா என்ன ஆகும்? கேலிப்பர் கை சும்மா இருக்கும்போதே பாதி தூரம் திரும்பி நிக்கும். அது திரும்பக்கூடிய மொத்தத் தூரத்துக்கு ஒரு எல்லை இருக்கு. பாதியை நீங்க ஆரம்பத்துலயே செலவழிச்சாச்சு. மீதி முடிஞ்சு கை போய் முட்டிக்கும். லிவர் கல்லு மாதிரி இருக்கும், ஆனா பேடுக்கு விசை போகாது. அதோட கையும் கேபிளும் சேர்ற கோணமும் கெட்டுப் போகும். சரியான செட்டிங்ல பிடி ஆரம்பிக்கும்போது அந்தக் கோணம் 90 டிகிரிக்குப் பக்கத்துல இருக்கணும். கேபிள் இறுக்குறது தொய்வை எடுக்க மட்டும். பேட் தேய்மானத்தை ஈடுகட்ட பேடைத் தான் நகர்த்தணும்.

முதல்ல லிவர் என்ன சொல்லுதுன்னு கேளுங்க

எந்த ஸ்பானரையும் எடுக்காதீங்க. வண்டியை நிறுத்தி லிவரை மெதுவா பிடிச்சுப் பாருங்க.

லிவர் ஹேண்டில்பார் வரைக்கும் ஈஸியா வந்துடுதா? தூரப் பிரச்சனை. பேட் தேய்ஞ்சிருக்கு, இல்ல உள் பேட் தள்ளி இருக்கு, இல்ல கேபிள் தொய்ஞ்சு போயிருக்கு. யாராவது லிவரை மாத்தினாங்களான்னும் யோசிங்க. எம்டிபி டிஸ்க் கேலிப்பர் நிறையக் கேபிளை இழுக்குற வி-பிரேக் லிவருக்காகச் செஞ்சது. பழைய வகை குறைவா இழுக்குற லிவரைப் போட்டா, எவ்வளவு செட் பண்ணாலும் பேட் போய்ச் சேராது.

லிவர் பஞ்சு மாதிரி அமுங்குதா? நடுவுல எதுவோ உங்க விசையைச் சாப்பிடுது. ஒரு கையால பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு கேபிள் போற வழியைக் கண்ணால பாருங்க. அவுட்டர் எங்கயாவது பாம்பு மாதிரி நெளியுதா? வளைவு அதிகமா, நீளம் அதிகமா, முனை நசுங்கி இருக்கா? கடைல அவசரத்துக்கு கியர் அவுட்டரை பிரேக்குக்குப் போட்டுக் குடுக்குறதும் உண்டு. அதை உடனே மாத்துங்க. கியர் அவுட்டருக்குள்ள கம்பிகள் நீளவாக்குல ஓடும், பிரேக் இழுப்பு வந்தா பிதுங்கி வெடிச்சிடும். பிரேக் அவுட்டருக்குள்ள கம்பி சுருளா இருக்கும்.

மூணாவது வகை தான் மோசமானது. லிவர் கெட்டியா, சரியான இடத்துல நிக்குது. எல்லாம் ஓகே மாதிரி தான் இருக்கு. ஆனா வண்டி நிக்கல. அப்போ பேட் ரோட்டரை அழுத்துது, உராய்வு தான் இல்ல. எண்ணெய். இதுக்கு அட்ஜஸ்ட்மென்ட் எதுவும் உதவாது. கீழ தனியா வருவோம்.

உரசல்: ஆரம்பிக்க வேண்டிய இடம் கேலிப்பர் இல்ல

ரோட்டருக்கும் பேடுக்கும் நடுவுல இருக்கிறது மில்லிமீட்டர்ல சில பத்துல ஒரு பங்கு. அதனால சக்கரம் ட்ராப்-அவுட்ல ஒரு நூல் அளவு கோணலா உட்கார்ந்தாலும் உரசும். பஞ்சர் ஒட்டிட்டு வந்ததுல இருந்து சத்தம் வருதுன்னா நூத்துக்குத் தொண்ணூறு இது தான். வண்டியைத் தலைகீழா போடாம, ரெண்டு சக்கரத்துலயும் நேரா நிக்க வைங்க. குயிக் ரிலீஸையோ நட்டையோ லூஸ் பண்ணி, ஹேண்டில்பாரையும் சீட்டையும் கீழ ஒரு அமுக்கு அமுக்கி, அப்படியே இறுக்குங்க. நட் வண்டியா இருந்தா 15 ஸ்பானர். குயிக் ரிலீஸா இருந்தா மூடும்போது லிவர் உள்ளங்கைல தடம் பதிக்கிற அளவுக்கு டைட்டா இருக்கணும். மூடின பிறகு அது ரோட்டருக்குக் கிட்ட எங்கயும் போகலைன்னு பாருங்க. 2015-ல ட்ரெக் கம்பெனி கிட்டத்தட்ட பத்து லட்சம் சைக்கிளைத் திரும்ப அழைச்சதுக்குக் காரணமே இது தான். சரியா மூடாம விட்ட குயிக் ரிலீஸ் லிவர் 180 டிகிரிக்கு மேல திறந்து, முன் டிஸ்க்ல போய் மாட்டிக்கிச்சு.

அடுத்து ஹப். ரிம்மைப் பிடிச்சு இடது வலமா ஆட்டுங்க. "டொக் டொக்"னு ஆடினா கோன் லூஸு, இல்ல பால்ரஸ் போச்சு. சக்கரமே ஆடும்போது கேலிப்பரை எப்படி செட் பண்ணாலும் ரெண்டு நாள்ல பழைய கதை. முதல்ல அதைச் சரி பண்ணிட்டு வாங்க.

இப்போ காதைத் தீட்டுங்க. சக்கரத்தைத் தூக்கி மெதுவா சுத்துங்க. "ஸ்ஸ்ஸ்ஸ்"னு நிக்காம ஒரே மாதிரி வந்தா பேட் ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கு. "சிங்... சிங்..."னு சுத்துக்கு ஒரு தடவை வந்தா ரோட்டர் வளைஞ்சிருக்கு. இந்த ஒரு வித்தியாசம் தெரியாம, வளைஞ்ச ரோட்டருக்காக கேலிப்பரைக் கழட்டி மாட்டிக்கிட்டே இருக்கிறவங்க நிறைய பேர்.

வளைஞ்ச ரோட்டரைக் கையோட நிமிர்த்திடலாம். கேலிப்பருக்குப் பின்னாடி ஒரு வெள்ளைப் பேப்பர், முன்னாடி மொபைல் டார்ச். இடைவெளி வெளிச்சக் கோடா தெரியும். அந்தக் கோடு எங்க மறையுதோ அங்க ரோட்டரோட நடுப்பகுதிக் கம்பில, பேட் படாத இடமா பார்த்து, மார்க்கர்ல ஒரு புள்ளி வைங்க. சுத்தமான துணி சுத்தின அட்ஜஸ்டபிள் ஸ்பானரால அந்த இடத்தைப் பிடிச்சு எதிர்ப் பக்கம் லேசா, நிஜமாவே லேசா, அமுக்கணும். சுத்திப் பாருங்க, திரும்ப அமுக்குங்க. ஒரே அமுக்குல சரி பண்ண நினைச்சா எஸ் ஷேப் வந்துடும். அதுக்கு முன்னாடி ரோட்டரை ஹப்போட சேர்க்கிற ஆறு டி25 போல்ட்டும் டைட்டான்னு பார்த்துடுங்க. அது லூஸா இருந்தாலும் இதே சத்தம் தான். ரோட்டர் சூடா இருக்கும்போது தொடாதீங்க. சுத்துற ரோட்டர் பக்கம் விரலைக் கொண்டு போகவே போகாதீங்க. அந்த ஓட்டைகள் விரலை வெட்டிடும். பயமுறுத்த இதைச் சொல்லல.

ரோட்டர் நேரா இருக்கு, ஆனாலும் ஒரே சீரா உரசுதுன்னா தான் கேலிப்பர். யூடியூப்ல எல்லாரும் சொல்ற வழி: ரெண்டு போல்ட்டையும் லூஸ் பண்ணு, லிவரைப் பிடி, பிடிச்சபடியே டைட் பண்ணு. ரெண்டு பேடும் நகர்ற ஹைட்ராலிக்ல இது அழகா வேலை செய்யும். ஒரு பேட் மட்டும் நகர்ற நம்ம கேலிப்பர்ல அப்படியே பண்ணினா, முடிச்சதும் உள் பேட் ரோட்டரோட ஒட்டினபடி நிக்கும். அதனால கொஞ்சம் மாத்திப் பண்ணணும்.

கேலிப்பரை வண்டியோட சேர்க்கிற ரெண்டு 5 மி.மீ ஆலன் போல்ட்டையும் கேலிப்பர் ஆடுற அளவுக்கு லூஸ் பண்ணுங்க. உள் பேடுக்கும் ரோட்டருக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு தடிமன்ல அட்டையைச் சொருகுங்க (பழைய ஹால் டிக்கெட் போதும்னு நினைக்காதீங்க, அது ரொம்ப மெல்லிசு). உள் பேட் திருகை, அட்டை லேசா மாட்டுற வரைக்கும் கடிகாரச் சுத்துல உள்ள திருகுங்க. அந்தத் திருகு எங்க இருக்கு? சக்கரப் பக்கம், ஸ்போக்குகளுக்கு நடுவுல ஆலன் கீயை விட்டா கிடைக்கும். சில மாடல்ல டார்க்ஸ். அவிட் பிபி7 மாதிரி இருந்தா கையாலயே திருகுற சிவப்பு வட்டம். இப்போ லிவரை நல்லா பிடிச்சு ஒரு ரப்பர் பேண்டால ஹேண்டில்பாரோட கட்டிடுங்க. ரெண்டு போல்ட்டையும் மாத்தி மாத்தி, கால் சுத்து கால் சுத்தா இறுக்குங்க. ஒண்ணை முழுசா இறுக்கிட்டு இன்னொண்ணுக்குப் போனா கேலிப்பர் திரும்பிக்கும். டார்க் ரெஞ்ச் இருந்தா 6-ல இருந்து 8 நியூட்டன் மீட்டர். ரப்பர் பேண்டை எடுத்து, அட்டையை உருவி, சக்கரத்தைச் சுத்துங்க. உரசினா உள் பேட் திருகை கால் சுத்து பின்னாடி எடுங்க. உள் பேட் உரசாம, ஆனா எவ்வளவு கிட்ட நிக்க முடியுமோ அவ்வளவு கிட்ட நிக்கணும். மொத்தக் கலையும் இந்த ஒரு வரி தான்.

கடைசியா கேபிள். கேலிப்பர் கை முழுசா பின்னாடி வந்து ஓய்வுல இருக்கணும். அந்த நிலையில தொய்வு மட்டும் இல்லாம கேபிளை இழுத்து போல்ட்டைப் பூட்டுங்க. லிவர் பக்கத்துல இருக்கிற சின்னத் திருகு இந்த நுணுக்கமான தொய்வுக்குத் தான், தேய்மானத்துக்கு இல்ல. அது வெளிய நீண்டு கிடந்தா யாரோ ஏற்கனவே தப்பா விளையாடியிருக்காங்கன்னு அர்த்தம். முழுசா உள்ள திருகிட்டு, ஒரு ரெண்டு சுத்து மட்டும் வெளிய எடுத்து ஆரம்பிங்க.

ஒரு சின்ன விஷயம். ரெண்டு பேடுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு ஸ்பிரிங் தகடு இருக்கும். பேட் மாத்தும்போது அதோட கால் வளைஞ்சா ரோட்டர்ல பட்டு கிறீச்னு ஒரு சத்தம் வரும். எல்லாம் செட் பண்ணியும் காரணம் தெரியாத சத்தம்னா டார்ச் அடிச்சு அதைப் பாருங்க.

ரெண்டும் சேர்ந்து வந்தா

பிடிக்கவும் இல்ல, உரசவும் செய்யுதுன்னா முதல் சந்தேகம் துரு. நவம்பர் மழை முழுக்க திறந்த ஸ்டாண்டுல நனைஞ்ச வண்டி, அப்புறம் செம் லீவ்ல ஒரு மாசம் அசையாம நிக்குது. அவுட்டருக்குள்ள தண்ணி இறங்கி இன்னர் கம்பி துருப்பிடிச்சிடும். இழுக்கும்போது விசைல பாதி துருவுக்கே போகும், அதனால பிடி இல்ல. விட்டதும் கம்பி திரும்பி வராது, அதனால பேட் ரோட்டர்லயே உட்கார்ந்திருக்கும், உரசல்.

கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். கேலிப்பர் கையை விரலால தள்ளி விடுங்க. டப்புன்னு திரும்பி வரலைன்னா கேபிளைக் கழட்டிட்டு மறுபடி தள்ளுங்க. இப்போ டப்புன்னு வந்தா குற்றவாளி கேபிள். அப்பவும் சோம்பேறித்தனமா வந்தா கேலிப்பரோட மூட்டுலயே அழுக்கு. கேபிளா இருந்தா எண்ணெய் விட்டு சமாளிக்காம இன்னர், அவுட்டர் ரெண்டையும் மாத்திடுங்க. சைக்கிள் பார்ட்ஸ்லயே மலிவான பொருள் அது தான். அதை மாத்தின பிறகு "புது பிரேக் போட்டியா"ன்னு கேப்பாங்க.

எண்ணெய்

போன வருஷம் ஒரு ஜூனியர் வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தான். "அண்ணா, பின் பிரேக் கொஞ்சம் டைட் பண்ணித் தாங்க, சண்டே ஏற்காடு போறோம்"னான். முன் பிரேக்கைப் பார்த்தா லிவர் தொங்குது. கேபிளே இல்ல. விசாரிச்சா கதை இது: முன் டிஸ்க் கீச்சுன்னு கத்திச்சாம். ரூம்மேட் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கான். சத்தம் நின்னுடுச்சு, கூடவே பிரேக்கும் நின்னுடுச்சு. ஒரு கடைக்குக் கொண்டு போனா, "முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுந்துடுவ தம்பி, பின்னாடி மட்டும் போதும்"னு கேபிளைக் கழட்டி விட்டுட்டாங்க.

இந்த "பின்னாடி மட்டும் போதும்" எவ்வளவு ஆபத்துன்னு பாருங்க. பிரேக் பிடிச்சா எடை முன்னாடி சாயும், பின் சக்கரத்து மேல பாரம் குறையும், கொஞ்சம் அழுத்தினாலே அது சறுக்கும். பின் பிரேக் மட்டும் வெச்சு கிடைக்கிற வேகக் குறைப்பு சமதளத்துல சுமார் 0.25 ஜி. முன் பிரேக்கும் சேர்த்துப் பழகிப் பிடிச்சா 0.5 ஜி வரைக்கும் போகலாம். 25 கி.மீ வேகத்துல ஒண்ணு 10 மீட்டர், இன்னொண்ணு 5 மீட்டர். நடுவுல இருக்கிற அந்த 5 மீட்டர்ல ஒரு கார் நிக்கும். இறக்கத்துல சாய்வு இன்னும் பாரத்தை முன்னாடி தள்ளும், பின் பிரேக் இன்னும் வலு இழக்கும். சேலத்துல இருந்து ஏற்காடு ஏறுற ரோட்ல 20 கொண்டை ஊசி வளைவு. அதுல இறங்குறதுக்கு ஒரு பிரேக் மட்டும்! அந்த சண்டே அவன் போகல. போக வேண்டாம்னு அவன்கிட்ட கொஞ்சம் கடுமையாவே சொல்ல வேண்டியிருந்துச்சு. மூணு நாள் பேசல. பேட் வந்ததும் அவனே மாட்டிக்கிட்டு ரெண்டு வாரம் கழிச்சுப் போயிட்டு வந்தான்.

பேட்ல எண்ணெய் பட வழிகள் நிறைய. செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது காத்துல பறந்து பின் ரோட்டர்ல படும். டபிள்யூடி-40 அடிச்சு "க்ளீன்" பண்றவங்களும் உண்டு. பரோட்டா சாப்பிட்ட கையால ரோட்டரைத் தொட்டாலே போதும். ரோட்டரைக் காப்பாத்திடலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹால், புதுத் துணி, துணி கறுப்பாகாத வரைக்கும் துடைக்கணும். சானிடைசர் வேண்டாம், பலதுல கிளிசரின் இருக்கு. நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம், அதுலயும் எண்ணெய் கலந்திருப்பாங்க.

பேட் தான் சிக்கல். நம்ம வண்டில வர்ற ரெசின் பேட்ல நுண்துளைகள் இருக்கு, எண்ணெயைக் குடிச்சிடும். மேல லேசா பட்டிருந்தா உப்புத்தாள்ல தேய்ச்சு, ஆல்கஹால்ல துடைச்சு ஒரு சான்ஸ் குடுக்கலாம். ஊறிப் போயிருந்தா மாத்துறது தான் வழி. அடுப்புல சுட்டு எண்ணெயை எரிக்கிற வீடியோ எல்லாம் பார்த்திருப்பீங்க. மெஸ் அண்ணனைக் கஷ்டப்படுத்தாதீங்க. சூட்டுல பேடை ஒட்டியிருக்கிற பசையும் போயிடலாம்.

மாத்தும்போது ரெண்டு விஷயம் பாருங்க. பேட் ஷேப் கேலிப்பருக்குக் கேலிப்பர் வேற, பழசைக் கையில எடுத்துட்டுப் போங்க. ரோட்டர்ல "ரெசின் பேட் மட்டும்"னு ஆங்கிலத்துல அடிச்சிருந்தா உலோகத் துகள் கலந்த சின்டர்ட் பேட் போடாதீங்க, ரோட்டர் சீக்கிரம் தேய்ஞ்சிடும். பேட்ல உராய்வுப் பொருள் 0.5 மி.மீக்கு வந்தாலே மாத்தணும். ரோட்டர் புதுசா இருக்கும்போது பெரும்பாலும் 1.8 மி.மீ, ஷிமானோ ரோட்டருக்கு 1.5 தான் கடைசி. லேப்ல வெர்னியர் சும்மா தானே இருக்கு.

மழைல கத்துறதை மட்டும் நோயா எடுத்துக்காதீங்க. ஈரமும் மண்ணும் போனதும் சத்தம் தானா அடங்கும்.

ஹைட்ராலிக் வெச்சிருக்கிறவங்களுக்கு

சுருக்கமா சொல்றேன், ஏன்னா இதுல தேய்மானத்தை அதுவே ஈடுகட்டிக்கும். பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரப்பர் சீல் லிவர் பிடிக்கும்போது வளையும், விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னாடி இழுக்கும். அழுக்கு சேர்ந்தா ஒரு பிஸ்டன் மட்டும் சோம்பேறி ஆகி உரசும். சக்கரத்தைக் கழட்டின நேரத்துல யாராவது லிவரை அமுக்கினா பிஸ்டன் வெளிய வந்து, ரோட்டர் உள்ள போகவே இடம் இருக்காது. பேடை எடுத்துட்டு, பிளாஸ்டிக் டயர் லிவரால மெதுவா உள்ள தள்ளுங்க. லிவர் பஞ்சு மாதிரி இருந்து, பம்ப் பண்ணினா கெட்டியானா உள்ள காத்து, ப்ளீட் பண்ணணும். ஆயில் விஷயத்துல மட்டும் விளையாடக் கூடாது. ஷிமானோவும் டெக்ட்ரோவும் மினரல் ஆயில். அவிட் பிரேக்குகள் பெரும்பாலும் டாட் திரவம். மாத்தி ஊத்தினா சீல் ஊதிப் போய் மொத்த பிரேக்கும் குப்பை. லிவர் மூடிலயே எதுன்னு எழுதியிருக்கும்.

புது பேட், மலை, சூடு

புது பேட் முதல் நாள் பிடிக்காது. அது பழுது இல்ல. பேட் பொருள் ரோட்டர் மேல ஒரு மெல்லிய படலமா ஏறினா தான் முழு பிடி வரும். ஆள் இல்லாத ரோட்ல 20 கி.மீ வேகத்துக்குப் போய், சக்கரம் பூட்டாம, நடக்கிற வேகம் வரைக்கும் அழுத்திப் பிடிச்சு விடுங்க. முழுசா நிக்க வேண்டாம். ஒவ்வொரு பிரேக்குக்கும் தனித்தனியா ஒரு இருபது தடவை. பத்தாவது தடவைல இருந்தே வித்தியாசம் தெரியும்.

மலைக்குப் போறவங்க சூட்டுக் கணக்கையும் தெரிஞ்சுக்கோங்க. நீங்களும் வண்டியும் சேர்ந்து 85 கிலோன்னா, 36 கி.மீ வேகத்துல இருந்து ஒரு தடவை நிக்கும்போது 4,250 ஜூல். அது முழுக்க ஒரு 120 கிராம் எஃகு ரோட்டருக்குள்ள போனா, சூடு சுமார் 70 டிகிரி ஏறும், ஒரே பிடில. ஆயிரம் மீட்டர் இறங்கினா மொத்தம் 833 கிலோஜூல். ரெண்டரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கப் போதும். காத்து கொஞ்சம் எடுத்துக்கும், மீதி ரெண்டு சின்னத் தட்டுக்கு. அதனால இறக்கம் முழுக்க பிரேக்கைத் தடவிக்கிட்டே வராதீங்க. வளைவுக்கு முன்னாடி ரெண்டையும் சேர்த்து நல்லா பிடிச்சு வேகத்தைக் குறைங்க, அப்புறம் விட்டுடுங்க. விட்ட நேரத்துல ரோட்டர் ஆறும். எரியற வாசனை வந்தா ஓரமா நிறுத்தி ஒரு டீ குடிங்க. ரோட்டர் மேல மட்டும் தண்ணி ஊத்தாதீங்க, வளைஞ்சிடும்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். வண்டி பக்கத்துல நின்னு முன் பிரேக்கை மட்டும் பிடிச்சு வண்டியை முன்னாடி தள்ளுங்க: பின் சக்கரம் தரையை விட்டு எழும்பணும். அடுத்து பின் பிரேக்கை மட்டும் பிடிச்சுத் தள்ளுங்க: பின் சக்கரம் சுத்தாம இழுபடணும். ரெண்டுலயும் லிவருக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவுல ஒரு விரலாவது நுழையுற இடம் மிச்சம் இருக்கணும். இதுல எது ஃபெயில் ஆனாலும் அன்னைக்கு பஸ்ல போங்க. ஆலன் கீ செட் வேணும்னா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நான் ஸ்டாண்டு பக்கம் தான் இருப்பேன், திருப்பித் தர்றதா இருந்தா வாங்கிக்கலாம்.